தேங்காய் காட்டிய மெட்ரோ ஸ்டேஷன்

இன்ஜினியர் தம்பி சாப்பிடப் போன நேரம் பார்த்து, எங்கள் லைன் வீட்டு ஓனர் ரங்கசாமி நீரோட்டம் பார்க்க உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு, மூடிக் கிடந்த மில்லின் மதிலோரமாக நடந்தார்.

பின்னாலேயே நாங்கள் நாலைந்து பெண்கள். வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. செருப்பையும் கழற்றச் சொல்லிவிட்டார். பங்குனி வெயில். மண் காலைப் பொசுக்கியது. நான் அப்போதுதான் சர்ச்சுக்குப் போய்விட்டு, கையில் பைபிளோடு சந்துக்குள் நுழைந்திருந்தேன். ஆண்டவர் மன்னிக்கட்டும் என்று நானும் தேங்காய்க்குப் பின்னால் போனேன். திருப்பூரில் தண்ணீர் என்று வந்துவிட்டால் எம்மதமும் சம்மதம்.

வேப்ப மரத்தைத் தாண்டியதும் ஓனர் நின்றார். படுத்திருந்த தேங்காய் மெல்ல எழுந்து குடுமியை மேலே காட்டி நின்றது. அது தானாக எழுந்ததா, அவர் விரல் எழுப்பியதா என்று கேட்காதீர்கள். நாங்கள் கேட்கவில்லை.

"ஆத்தா கண்ணத் தொறந்துட்டாங்க" என்றார் ஓனர். தேங்காயை என் கையில் கொடுத்துவிட்டு நேராகப் போய், குழி போட வேண்டிய இடத்தில் இன்ஜினியர் அடித்து வைத்திருந்த முளைக்குச்சியைப் பிடுங்கினார். சிவப்பு ரிப்பன் கட்டிய குச்சி அது. அதைக் கொண்டுவந்து தேங்காய் எழுந்த இடத்தில் நட்டு, காலால் மண்ணைத் தள்ளி மிதித்தார். மெஷின் ஆட்கள் மரத்தடியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

திருப்பூருக்கு வரவிருந்த, பூமிக்கு அடியிலான மெட்ரோ ரயில் நிலையம் இப்படித்தான் பத்தடி கிழக்கே நகர்ந்தது.

கோட்டுப் போட்ட பெண்மணி

மெட்ரோவா, திருப்பூரிலா என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. நாங்களும் சிரித்தோம்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் சந்துக்கு வருகிற டவுன் பஸ்ஸே வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. அப்பேர்ப்பட்ட ஊரில், மூடிய மில்லையும் சுற்றியிருந்த பழைய குடோன்களையும் இடித்துப் புது நகரம் கட்டப்போவதாக ஒரு கம்பெனி கிளம்பியது. மாடிக் கடைகள், மாடி வீடுகள், எல்லாவற்றுக்கும் கீழே பூமிக்குள் ஒரு ரயில் நிலையம். மில் வாசலில் பெரிய போர்டு வைத்தார்கள்.

அந்த போர்டை நான் எத்தனையோ நாள் நின்று பார்த்திருக்கிறேன். பளபளவென்று ஒரு படிக்கட்டு. அதில் முழங்கால் வரை கம்பளிக் கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நாய்க்குட்டியோடு இறங்கிக்கொண்டிருப்பாள். சித்திரை மாதத்தில் எங்கள் சந்தில் அந்தக் கோட்டோடு இறங்கினால், அடுத்த படியில் ஆஸ்பத்திரிதான்.

ஒரு நாள் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு விளக்கம் சொன்னார்கள். டை கட்டிய ஒருவர் திரையில் படம் காட்டினார். முடிந்ததும், சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார். அங்கேதான் தப்புச் செய்தார்.

"ஏனுங்க, பனியன் பீஸ் மூட்டை ஏத்த உடுவீங்களா?" என்று ஒருவர் கேட்டார். கைப்பை மட்டும்தான் என்றார் டை.

"மூட்டை ஏத்தாத வண்டி எதுக்குங்க இந்த ஊருக்கு?"

அவர் பதில் தேடுவதற்குள் இன்னொருவர் எழுந்தார். "கரண்டு போச்சுன்னா உள்ள இருக்கறவங்க என்னங்க பண்றது?" அந்த வருஷம் கரண்ட் இருக்கும் நேரத்தைத்தான் நாங்கள் விசேஷமாகச் சொல்லிக்கொள்வோம். ஜெனரேட்டர் இருக்கும் என்றார் டை. டீசலை யார் ஊற்றுவது என்று அடுத்த கேள்வி பறந்தது. அதோடு கேசரியும் காபியும் வந்துவிட்டதால் அவர் பிழைத்தார்.

என் டேபிள்

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், ஒரு முளைக்குச்சிக்காக இவள் ஏன் இப்படிக் குதிக்கிறாள் என்று நினைப்பீர்கள்.

நான் சாத்தான்குளம் பக்கம். கல்யாணமாகித் திருப்பூர் வந்தவள். என் புருஷனுக்குத் துணி வெட்டும் கட்டிங்கில் நைட் ஷிப்ட். பகலில் தூங்குவார். இடி விழுந்தாலும் எழாத தூக்கம். எனக்கு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற பீஸை டேபிளில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் பார்க்க வேண்டும். எனக்கென்று ஒரு டேபிள், மேலே ஒரு டியூப்லைட். என் வாழ்க்கையில் 'இது என்னுடையது' என்று சொல்லிக்கொள்ள முதலில் கிடைத்த இடம் அதுதான். அதை விட்டால் ஊரில் எனக்காகக் காத்திருந்தது பீடி சுற்றும் முறம்.

அந்த டேபிளுக்கு எமனாக வந்தது தண்ணீர் லாரி.

எங்கள் லைன் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் எட்டிப் பார்க்காது. லாரிதான். அது எந்தக் கிழமை, எந்த நேரம் வரும் என்று அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது. அநேகமாக நாங்கள் வேலையில் இருக்கும்போது வரும். வீட்டுக்கு ஒரு ஆள் குடத்தோடு நிற்கவில்லை என்றால், அந்த வீட்டில் சோறு பொங்க வழியில்லை. லாரி வரப்போகிறது என்று பேச்சு அடிபடும் நாளெல்லாம் நான் லீவு போட வேண்டியிருந்தது.

கடைசியில் சூப்பர்வைசர் கூப்பிட்டார். "இனி ஒரு வாட்டி லீவுன்னா, அப்பறம் நீங்க வரவே வேண்டாங்க" என்றார். இந்த ஊரில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள். மரியாதையில் குறையே சொல்ல முடியாது.

அந்த வாரக் கடைசியில்தான் மூன்று கால் இரும்புச் சட்டம், டீசல் இன்ஜின், குழாய்கள் சகிதம் மண் பரிசோதனைக்காரர்கள் சந்தில் வந்து இறங்கினார்கள்.

தண்ணீர் ஊற்றித் தோண்டுகிறவர்கள்

கொங்கு நாட்டில் பூமியில் ஓட்டை போடுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். வேறு எதற்கும் ஒரு மனுஷன் அந்தச் செலவு செய்வான் என்று இங்கே யாரும் நம்ப மாட்டார்கள். அதிலும் எங்கள் ஓனர், சொந்த இடத்தில் போர் போட்டுப் போட்டுப் புழுதியை மட்டும் பார்த்தவர். அடுத்தவன் செலவில் மதிலோரம் ஒரு போர் விழுகிறது என்றால் விடுவாரா? அதனால்தான் தேங்காய்.

திங்கட்கிழமை காலை, மெஷினுக்கு மாலை போட்டுச் சூடம் கொளுத்தினார். இன்ஜினியர் சதீஷ் பதறிப்போய் ஓடிவந்தான். சென்னைப் பையன். மஞ்சள் தொப்பி, பருக்கள், சின்ன மீசை.

"சார், இது தண்ணிக்கு இல்ல. மெட்ரோ ஸ்டேஷனுக்கு மண்ணு டெஸ்ட் பண்றோம்."

"வரட்டுங்க தம்பி, ஸ்டேசனும் வரட்டும். மொதல்ல தண்ணி வரட்டும்" என்று அவன் நெற்றியில் விபூதியை இழுத்துவிட்டார் ஓனர்.

அந்த நேரம் பார்த்து ஒரு டேங்கர் லாரி சந்துக்குள் வந்தது. எங்களுக்குக் கண்ணைக் கட்டியது. லாரி நிறையத் தண்ணீர். நல்ல தண்ணீர். டிரைவர் செல்லமுத்து குழாயை எடுத்து மெஷின் பக்கத்தில் இருந்த தொட்டிக்குள் விட்டார்.

விசாரித்தால், அந்த மெஷின் பாறையைக் குடையும்போது சூடாகுமாம். இடைவிடாமல் தண்ணீர் ஊற்றினால்தான் வேலை செய்யுமாம். அதற்காகத் தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் லாரி வருமாம்.

"தண்ணியக் கொண்டாந்து ஊத்தி, ஓட்டை போட்டு, உள்ள என்ன இருக்குன்னு பாக்குதாங்களாம்" என்றாள் பக்கத்து வீட்டு மாரியம்மாள். கோவில்பட்டிக்காரி. "கூறு கெட்ட பயலுவ."

நான் அப்படி நினைக்கவில்லை. என் மூளை வேறு கணக்குப் போட்டது. "தம்பி, தொட்டி நெறஞ்ச பொறவு மிச்சத் தண்ணிய என்ன செய்வீங்க?" என்று சதீஷைக் கேட்டேன்.

அவன் எங்கள் குடங்களைப் பார்த்தான். எல்லாம் எப்போது வரிசைக்கு வந்தன என்று எனக்கே தெரியாது. "பிடிச்சுக்கங்கக்கா" என்றான்.

அன்றிலிருந்து எங்கள் சந்தில் மெட்ரோவுக்கு எதிராக ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. தினமும் விடிந்ததும் லாரி வந்தது. குடம் நிரப்பி, குளித்து, சமைத்து, புருஷனுக்கு மூடி வைத்துவிட்டு, கம்பெனி வேனைப் பிடித்து, நேரத்தோடு என் டேபிளில் நின்றேன். சூப்பர்வைசர் ஆச்சரியப்பட்டு, உடம்பு சரியாகிவிட்டதா என்று கேட்டார்.

இஞ்சி தட்டிய கல்

மெஷின் பாறையை உருளை உருளையாக அறுத்து வெளியே எடுக்கும். வழவழவென்று, பிடிக்க வாகாக இருக்கும். அவற்றை மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கி வைப்பான் சதீஷ். கல் வந்தால் அவன் முகம் மலரும். ஈர மண் வந்தால் தொங்கிவிடும். எங்கள் ஓனருக்கு அப்படியே நேர் எதிர். ஒரே குழிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு, ஒருவர் சிரிக்கும்போது ஒருவர் பெருமூச்சு விடுவார்கள்.

ஒரு நாள் காலை பெட்டியில் ஒரு கல்லைக் காணோம். சதீஷ் அழாத குறை. அது போனால் அந்த ஆழத்துக்குக் கணக்குச் சொல்ல முடியாதாம். வீடு வீடாக வந்து கெஞ்சினான். மாரியம்மாள் வீட்டு அடுப்படியில் அது அகப்பட்டது.

"சும்மா கெடந்த கல்லுதான தம்பி? இஞ்சி தட்ட எடுத்தேன். கழுவித் தாரேன், இருங்க."

"ஐயோ, கழுவாதீங்கக்கா! அப்படியே குடுங்க!"

மஞ்சளும் இஞ்சி நாரும் ஒட்டிய கல்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனான். திருப்பூரின் அடியில் இஞ்சி விளைகிறது என்று சென்னையில் எங்கேயாவது ரிப்போர்ட் இருந்தால், அதற்கு மாரியம்மாள்தான் பொறுப்பு.

தண்ணீர் வந்த துக்கம்

பிறகு ஒரு நாள் காலை அந்தக் குழியில் தண்ணீர் வந்தது.

ஓனர் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு ஓடிவந்தார். "வந்துருச்சுங்க! நாந்தான் சொன்னனில்ல, வந்துருச்சு!" என்று கத்தினார். அவர் கண்ணில் நிஜமாகவே நீர். எங்கள் கண்ணிலும் நீர், ஆனால் காரணம் வேறு. குழியிலேயே தண்ணீர் ஊறினால் இனி லாரி எதற்கு? மாரியம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு டியூப்லைட் அணைந்த மாதிரி இருந்தது.

தண்ணீர் வந்ததற்காக ஒரு தெருவே துக்கம் கொண்டாடியது உலகத்திலேயே எங்கள் சந்தில்தான் இருக்கும்.

ஒரு வாளியில் எடுத்துப் பார்த்தார்கள். லேசான ஊதா. எங்களுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. சாயப்பட்டறைகள் இருக்கும் ஊரில் பூமியும் கொஞ்சம் சாயத்தில் நனைந்துதான் இருக்கும். ஓனர் ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார். பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் திரும்பித் துப்பினார். நாங்கள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டோம். அந்த மனுஷன் முகத்தை அன்றைக்குப் பார்க்க முடியவில்லை.

"தம்பி, இத உங்க மெஷினுக்கு ஊத்துவீங்களோ?" என்று நான் சதீஷைக் கேட்டேன்.

"இதையா? பம்பு அரிச்சிடும்கா. மெஷினுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும்."

மெஷினுக்கு ஆகாத தண்ணீர்! அந்த மெஷினைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. லாரி தப்பித்தது, என் டேபிளும் தப்பித்தது.

அடுத்த அதிர்ஷ்டமும் ஓனர் புண்ணியத்தில்தான் வந்தது. சதீஷ் டேப் பிடித்து அளந்தபோது குழி வரைபடத்தில் இல்லாத இடத்தில் இருப்பது தெரிந்தது. மறுபடி அளந்தான். தன்னையே சந்தேகப்பட்டு, தொப்பியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை அளந்தான். ஓனர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், தான்தான் தப்பாகக் குறித்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, சரியான இடத்தில் புதுக் குழி போட ஆரம்பித்தான்.

புதுக் குழி என்றால் இன்னும் பல நாள் லாரி. அன்று சாயங்காலம் மாரியம்மாள் பணியாரம் சுட்டு ஓனர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. "என்னமோ, நல்ல சனங்க" என்றாராம்.

வேலை நடக்குதுங்களா?

எல்லாக் குழிக்கும் ஒரு அடி உண்டு. சதீஷ் கல் பெட்டிகளை வேனில் ஏற்றி, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினான். மெஷின் போனது, தொட்டி மட்டும் மிச்சம். சந்து மொட்டையாகிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் வாசலில் லாரிச் சத்தம் கேட்டது. செல்லமுத்து!

"மெஷினக் காணோங்க?" என்றார், தலையைச் சொறிந்துகொண்டு.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவரை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்பது புரிந்தது. ஸ்டேஷன் வேலை முடியும்வரை தினமும் தண்ணீர் போட வேண்டும் என்பது அவருக்குச் சொல்லப்பட்ட வார்த்தை. ஸ்டேஷன் வரவும் இல்லை, வராது என்று யாரும் சொல்லவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு லாரி ஓடிக்கொண்டிருந்தது.

"வேலை நடக்குதுங்களா?" என்றார்.

"நடக்குதுங்க" என்றேன். திருப்பூருக்கு வந்து நான் கொங்குத் தமிழ் பேசியது அன்றுதான்.

அதன்பிறகு வேலை நடப்பது போல வைத்துக்கொள்வது எங்கள் பொறுப்பானது. தொட்டியைக் கழுவி வைத்தோம். குழிக்கு மேல் தகரம் போட்டுச் சுற்றிலும் கயிறு கட்டினோம். கோழி உள்ளே போனால் மாரியம்மாள் விரட்டுவாள்: "ஏ, ஸ்டேசனுக்குள்ள என்னட்டி ஒனக்கு வேல?" ஆடு மேய்க்கிறவர்கள்கூடச் சுற்றித்தான் போனார்கள். மில் வாசலில் போர்டு கிழிந்து, கோட்டுப் பெண்மணியின் தலை காற்றில் பறந்துபோனது. கம்பெனி ஆட்களையே காணோம், லாரிக்கான பணம் மட்டும் மாதாமாதம் வந்துகொண்டிருந்ததாம். ஆனால் எங்கள் சந்தில் மட்டும் மெட்ரோ வேலை குறைவில்லாமல் நடந்தது. மழை வந்து போனது, தீபாவளி போனது, லாரி நிற்கவில்லை. எனக்குச் செக்கிங்கில் ஒரு படி உயர்வு கூடக் கொடுத்தார்கள்.

தை மாதம் ஒரு காலை. பனி விலகவில்லை. குடங்கள் பாதி நிரம்பியிருந்தன. சந்து முனையில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. இறங்கியது சதீஷ். ஏதோ போட்டோ எடுக்க வேண்டும் என்று அனுப்பியிருந்தார்களாம்.

லாரியைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். எல்லாம் விளங்கிவிட்டது அவனுக்கு. சட்டைப்பையில் செல்போன் இருந்தது. ஒரு போன் போட்டால் போதும், நாளைக்கு லாரி வராது. என் கை குடத்தின் கழுத்தைப் பிடித்தபடியே நின்றது.

"தம்பி, நான் வேலைக்குப் போவணும்" என்று மட்டும்தான் வந்தது.

செல்லமுத்துவுக்கு அவனைக் கண்டதும் சந்தோஷம். நெடுநாள் சந்தேகத்தைக் கேட்க சரியான ஆள் கிடைத்துவிட்டதல்லவா? "ஏனுங்க சார், நானும் தெனம் வர்றனுங்க. வேலை நடக்குதுங்குறாங்க. மேல ஒண்ணையுங் காணமுங்களே?"

சதீஷ் குனிந்து தகரத்தை லேசாகத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அதே போல மெதுவாக மூடினான்.

"மேல எப்படிங்க தெரியும்? எல்லாம் கீழதான் நடக்குது" என்றான். "நீங்க ஊத்துங்க."

அந்தப் பரு முகப் பையனை, என் தம்பி வயசுகூட இல்லாதவனை, நான் கை கூப்பிக் கும்பிட்டேன். சந்து முனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. குடத்தை உள்ளே வைத்துவிட்டு ஓடினேன்.